ஆள் ஒன்று, கிண்ணம் இரண்டு

ஜப்பானில் ஒரு மலை. மலைமேல் ஒரு தேவதாரு மரம். அதன் உச்சிக்கிளையில் கூடு கட்டிய காகத்தின் முட்டை தவறி விழுந்தால், தரையைத் தொடுவதற்குள் குஞ்சு பொரித்து, இறகு முளைத்து, பறந்தே போய்விடுமாம். பொய் என்று நினைக்கிறவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். அந்த மரத்தடியில் உடைந்த முட்டையை இன்றுவரை யாரும் கண்டதில்லை.

மரத்துக்குப் பின்னால் எழுநூறு வருஷத்து ஷிண்டோ கோயில். கோபுரம் கிடையாது, சிலை கிடையாது. ஒரு மணி, அதை அடிக்க ஒரு கயிறு, உள்ளே யாரும் பார்த்திராத சாமி. முன்னால் சிவப்புச் சாயம் பூசிய மர வாசல். இரண்டு தூண், மேலே இரண்டு உத்தரம், அவ்வளவுதான். கதவு இல்லை. இந்தப் பக்கமும் மதில் இல்லை, அந்தப் பக்கமும் வேலி இல்லை. மான்கள் இஷ்டப்பட்ட வழியில் போகும். மனுஷர்கள் மட்டும் குனிந்து வணங்கிவிட்டு அந்த வாசல் வழியாகத்தான் போவார்கள்.

கோயிலின் தலைமைப் பூசாரி தோமோயே என்ற பெண். வயது முப்பத்தாறு. அப்பாவுக்குப் பிறகு பொறுப்புக்கு வந்தவர். அதிகம் பேச மாட்டார். நன்றாகச் சாப்பிடுவார்.

அவருடைய சீடர் யசுஹாராவுக்கு அறுபத்தொன்று.

யசுஹாரா முப்பத்தெட்டு வருஷம் ரயிலில் கார்டாக இருந்தவர். அவருடைய ரயில் ஒரே ஒரு தடவைதான் தாமதமாக வந்தது. தண்டவாளத்தில் ஒரு கரடி தூங்கிவிட்டது. கரடியின் சார்பில் ஒவ்வொரு பயணிக்கும் யசுஹாராவே மன்னிப்புக் கடிதம் எழுதிக் கொடுத்தார். எதைப் பார்த்தாலும் சுட்டுவிரலை நீட்டி, வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்ப்பது அந்த நாட்டு ரயில்காரர்களின் வழக்கம். கோயிலுக்கு வந்து மூன்று வருஷமாகியும் அது அவரை விடவில்லை.

“விளக்கு, சரி! மணி, சரி! கயிறு, சரி!”

காலையில் அவர் வெளியே வரத் தாமதமானால் காகங்களே ஒரு சுற்று சொல்லிப் பார்த்துக்கொள்ளும்.

கோயில் பார்க்க வருகிறவர்கள் இரண்டு தடவை குனிந்து, இரண்டு தடவை கைதட்டி, கடைசியில் ஒரு தடவை குனிய வேண்டும். யாராவது மூன்றாவது தடவை கைதட்டிவிட்டால் யசுஹாராவின் இடுப்பிலிருந்து விசில் கிளம்பும். பயந்துபோய் நாலாவது தடவை தட்டியவர்களும் உண்டு.

இலையுதிர்கால விழா நாள் காலை. தோமோயே முற்றத்தில் இலை கூட்டிக்கொண்டிருந்தார். யசுஹாரா போய் முன்னால் நின்றார்.

“குருவே, ஒரு கேள்வி.”

“கேளுங்க.”

“மூணு வருஷம் ஆச்சு. எல்லா விதியும் எனக்குப் பாடம். நாளும் கிழமையும் பாடம். இன்னும் நான் கத்துக்க என்ன மிச்சம் இருக்கு?”

தோமோயே விளக்குமாற்றின்மேல் கையை ஊன்றிக்கொண்டு யோசித்தார்.

“வாசல் வரைக்கும் போய்ப் பார்த்துட்டு வாங்க. அங்க என்ன இருக்குன்னு வந்து சொல்லுங்க.”

இது ஒரு வேலையா என்று யசுஹாராவுக்குத் தோன்றியது. தினமும் பார்க்கிற வாசல். ஆனாலும் போனார்.

வாசலுக்கு வெளியே, தேவதாரு மரத்தடியில், எழுபது வயதுக்காரர் ஒருவர் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டியிருந்தார். அடுப்பின்மேல் குளிக்கும் தொட்டி அளவுக்கு ஒரு இரும்புப் பானை. சோற்று வாசனையும் கருவாட்டு வாசனையும் வாசலைத் தாண்டி உள்ளே வந்துகொண்டிருந்தன. வாசனைக்கு விதி தெரியவில்லை.

“இங்க அடுப்பு மூட்டக் கூடாது பெரியவரே.”

“வாசலுக்கு வெளியதானே இருக்கு?”

யசுஹாரா எட்டிப் பார்த்து அளந்தார். வெளியேதான் இருந்தது. நாலு முழம் தள்ளி.

“சரி. உள்ள வர்றதுன்னா அடுப்பை அணைச்சுட்டு, கை கழுவிட்டு வாங்க.”

“உள்ள வர முடியாதுங்க. வீட்டுல சாவு. இன்னைக்கு இருபத்துமூணாம் நாள்.”

யசுஹாரா ஒரு அடி பின்னால் போனார். சாவு விழுந்த வீட்டுக்காரர் ஐம்பது நாள் அந்த வாசலைத் தாண்டக் கூடாது. அந்த வீட்டுக்காரர் மூட்டிய அடுப்பில் வெந்ததை ஒரு வாய் சாப்பிட்டவருக்கும் அதே தீட்டு, அதே நாள் வரைக்கும். அந்தக் கோயிலின் மிகப் பழைய விதி அது.

“யார் போனது?”

“என் சம்சாரம். கினு.”

அவர் பெயர் ஷின்கிச்சி. நாற்பது வருஷம் கணவாய் மீன் பிடிக்கும் படகில் சமையல்காரர். முப்பத்திரண்டு பேருக்குச் சமைத்துப் போட்டவர். வருஷா வருஷம் இந்த விழாவுக்கு மனைவியோடு வருவார். கினு ஒரு மரப்பலகையில் வேண்டுதலை எழுதி, உள்ளே இருக்கும் மரச்சட்டத்தில் மாட்டுவார். எல்லோரும் அப்படித்தான். ஒரு வருஷம் அந்தப் பலகைகள் சாமி முன்னால் தொங்கும். அடுத்த விழா நாள் மத்தியானம் மொத்தத்தையும் குவித்துத் தீ மூட்டுவார்கள். வேண்டுதல் புகையாகி மேலே போகும்.

“ஒவ்வொரு வருஷமும் என்ன வேண்டுதல்னு எங்கிட்ட சொல்லிடுவா. பல்வலி போகணும், பூசணி நல்லாக் காய்க்கணும், இப்படி. போன வருஷம் மட்டும் சொல்லல. கேட்டா, ‘அது எனக்கும் சாமிக்கும், நீங்க சும்மா இருங்க’ன்னுட்டா. அப்பவே அவளுக்கு உடம்பு சரியில்ல.”

“சரி…”

“ரெண்டாவது வரிசை, மூணாவது ஆணி. இன்னைக்கு மத்தியானம் எரிச்சுடுவீங்க.”

யசுஹாராவுக்கு விஷயம் புரிந்தது.

“ஐம்பது நாள் முடியாம உள்ள வர முடியாதே.”

“நான் வர்றேன்னு சொல்லவே இல்லையே.”

“பலகையை நான் வெளிய கொண்டுவரவும் முடியாது. சாமி முன்னாடி மாட்டினது எரியறதுக்கு முன்னாடி வாசல் தாண்டக் கூடாது.”

“தெரியும்.”

“அதை மட்டும் எரிக்காம எடுத்து வைக்கவும் முடியாது. ஒரு வருஷத்து வேண்டுதல் எல்லாம் ஒரே தீயிலதான் போகணும்.”

“அதுவும் தெரியும்.”

“நான் படிச்சு வந்து சொல்லவும்…”

“ஐயோ, வேண்டாம். ஊரார் வேண்டுதலை நீங்க படிக்கலாமா? தப்பு. அதோட, அவ எழுத்தை நான்ல பாக்கணும்.”

இவ்வளவு ஒழுங்காக விதி தெரிந்த ஆளை யசுஹாரா அதுவரை சந்தித்ததில்லை. கொஞ்சம் மரியாதைகூட வந்தது.

“பக்கத்துல மதில் இல்ல, வேலி இல்ல,” என்றார், குரலைத் தாழ்த்தி. ஏன் சொன்னோம் என்று அவருக்கே தெரியவில்லை.

ஷின்கிச்சி சிரித்தார்.

“சுத்திக்கிட்டுப் போறதா? மான் போகும் ரயில்காரரே. நான் போவேனா?”

“நான் ரயில்ல இருந்தது உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“இடுப்புல விசில் வெச்சிருக்கிற பூசாரியை வேற எங்கயும் நான் பாக்கல.”

“அப்போ எதுக்கு இங்க வந்து உட்கார்ந்திருக்கீங்க?”

“புகையையாவது பாக்கலாம்னு.”

 யசுஹாரா பழக்கதோஷத்தில் விரலை நீட்டி ஒவ்வொன்றாகச் சுட்டிப் பார்த்துக்கொண்டு திரும்பினார்.

தோமோயே இன்னும் இலை கூட்டிக்கொண்டிருந்தார்.

“என்ன இருக்கு?”

“வாசல், சரி. தூண் ரெண்டு, சரி. வெளியில அடுப்பு ஒன்று. பானை ஒன்று, அளவுக்கு மீறிப் பெரிசு. ஆள் ஒன்று. கிண்ணம் இரண்டு.” பிறகு நடந்ததையெல்லாம் சொன்னார். “விதி தெரிஞ்ச மனுஷன், குருவே. நான் எதையும் எடுத்துச் சொல்ல வேண்டி வரல. அவரே எல்லாம் சொல்லிட்டார். பாவம்தான். ஆனா ஒண்ணும் செய்யறதுக்கு இல்ல.”

தோமோயே விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்தார். கால்செருப்பைச் சரிசெய்துகொண்டு வாசல் பக்கம் நடந்தார்.

யசுஹாரா மணிக்கயிற்றின் முடிச்சைச் சரிபார்த்துவிட்டுப் பின்னால் போனார். அந்த முடிச்சுக்கு ஆன நேரத்தில் காரியம் நடந்துவிட்டது. அவர் வாசலுக்கு வந்தபோது, தோமோயே மரத்தடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். கையில் அந்த இரண்டு கிண்ணத்தில் ஒன்று. கிண்ணத்தில் சோறு. சோற்றின்மேல் கருவாடு.

ஷின்கிச்சி பதறிப்போய்க் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

“அம்மா, இது தீட்டு அடுப்பு!”

“தெரியும்.”

“சாப்பிட்டா நீங்க உள்ள போக முடியாது!”

“அதுவும் தெரியும். ஊறுகாய் இருக்கா?”

யசுஹாராவின் வாயில் விசில் தானாகப் போய் நின்றது. தேவதாரு மரமே நிமிர்ந்து நிற்கும்படி ஊதினார். அதற்குள் முதல் கவளம் குருவின் வாய்க்குள் போய்விட்டது.

தோமோயே ஒரு விரலை உயர்த்தி, பொறுங்கள் என்று காட்டினார். நிதானமாக மென்றார். விழுங்கினார்.

“சொல்லுங்க.”

“குருவே! மத்தியானம் தீ மூட்டணும்!”

“ஆமா. யார் மூட்டணும்?”

“நீங்கதான். தலைமைப் பூசாரி மட்டும்தான் மூட்டலாம்.”

“தீட்டுக்காரி மூட்டலாமா?”



“கூடாது.”

“எனக்குத் தீட்டு எப்போ முடியும்?”

“அவருக்கு முடியற அன்னைக்குத்தான். இருபத்தேழு நாள் கழிச்சு.”

“அப்போ தீ?”

“அதுவும்… இருபத்தேழு நாள் கழிச்சு.”

“வேற வழி இருக்கா?”

எழுநூறு வருஷத்து விதி முழுவதையும் யசுஹாரா மனசுக்குள் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தார். முதலிலிருந்து கடைசிவரை, பிறகு கடைசியிலிருந்து முதல்வரை.

“இல்ல.”

“அப்போ சரி,” என்று தோமோயே கிண்ணத்தை நீட்டினார். “பெரியவரே, இன்னும் கொஞ்சம்.”

ஷின்கிச்சி கரண்டியை எடுத்தார்.  அவருடைய கிண்ணம் அதுவரை தொடாமல் பக்கத்தில் இருந்தது. குருவுக்குப் போட்ட கையோடு, அதிலிருந்து அவரும் ஒரு வாய் எடுத்துக்கொண்டார்.

மத்தியானம் ஊர் திரண்டு மேலே வந்தது. விஷயத்தைச் சொல்ல வேண்டிய பாரம் யசுஹாராவின் தலையில். வாசலுக்கு உள்ளே கல்மேடையில் ஏறி நின்றார்.

“கவனிக்கவும். இன்று மூட்ட வேண்டிய தீ இருபத்தேழு நாள் தாமதமாக மூட்டப்படும். இதனால் ஏற்படும் சிரமத்துக்கு வருந்துகிறோம்.”

“கரடி படுத்துடுச்சா?” என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது.

காரணம் தெரிந்ததும் கூட்டம் மரத்தடிப் பக்கம் திரும்பியது. அங்கே தலைமைப் பூசாரி மூன்றாவது கிண்ணம் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். ஷின்கிச்சி தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். பானையில் இன்னும் முப்பது பேருக்குச் சோறு இருந்தது.

சோயாப் பாலில் செய்யும் தோஃபு விற்கும் அக்கா தங்கை இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவள் ஓமத்சு மடியிலிருந்து ஒரு கிண்ணத்தை எடுத்தாள். மடியில் கிண்ணத்தோடு எதற்கு விழாவுக்கு வந்தாள் என்று யாரும் கேட்கவில்லை.

“கினு என்கிட்ட முப்பது வருஷம் தோஃபு வாங்கினா,” என்றாள். “போடுங்க.”

அவளுக்குப் பின்னால் தபால்காரர். அவருக்குப் பின்னால் மேளம் அடிக்கிறவர். யசுஹாரா கல்மேடையிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் சூரியன் சாய்வதற்குள் அந்த மலையில் தீட்டு இல்லாத ஆள் அவர் ஒருவர்தான். மான்களைச் சேர்க்கவில்லை. பானையைச் சுரண்டும் சத்தம் கேட்டு அவையும் பக்கத்தில்தான் நின்றன.

அதற்கடுத்த நாட்கள் யசுஹாராவுக்குச் சுலபமாக இல்லை.

காலையில் சாமிக்குச் சோறும் உப்பும் தண்ணீரும் வைப்பார். மணியைச் சரிபார்ப்பார். பலகைகளின் தூசியை, எழுத்தைப் பார்க்காமல், கண்ணை மூடிக்கொண்டு துடைப்பார். பிறகு உள்ளறையில் உட்கார்ந்து நேற்றைய சோற்று உருண்டையைத் தின்பார். வெளியே சிரிப்புச் சத்தம் கேட்கும். ஷின்கிச்சி தினமும் மீனோடு மலையேறி வந்துவிடுவார். தோமோயே வாசலுக்கு வெளியே இருந்த தேநீர்க் கொட்டகையில் தங்கியிருந்தார். ஊரில் யாருக்கு வேலை முடிந்தாலும் கிண்ணத்தோடு மேலே வருவார்கள்.

நாலாம் நாள் யசுஹாரா சோற்று உருண்டையை முற்றத்துக்கு எடுத்து வந்து தின்றார். காற்றுக்காக என்று சொல்லிக்கொண்டார்.

எட்டாம் நாள் கை கழுவும் தொட்டி ஓரத்தில்.

பதினோராம் நாள் வாசல் தூணுக்கு உள்பக்கம், சரியாக ஒரு சாண் தள்ளி, பாய் விரித்து உட்கார்ந்தார். தன் அடுப்பு, தன் சோறு. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு பருக்கைகூட இந்தப் பக்கம் வரவில்லை.

“விதி மீறல,” என்றார், யாரும் கேட்காமலே.

“யார் சொன்னது மீறினீங்கன்னு?” என்றார் ஷின்கிச்சி. பிறகு, வழக்கம்போல எல்லோரையும் கேட்கிற மாதிரி, அவரையும் கேட்டார். “உப்பு போதுமா?”

“இது நான் சமைச்சதுங்க.”

“அதான் கேக்கறேன்.”

யசுஹாரா தன் சோற்றை ருசி பார்த்தார்.

“போதல.”

அன்றிலிருந்து ஷின்கிச்சி வாசலுக்கு அந்தப் பக்கம் நின்றபடியே, எப்போது தண்ணீர் ஊற்ற வேண்டும், எப்போது தீயைக் குறைக்க வேண்டும் என்று கத்துவார். யசுஹாரா இந்தப் பக்கம் விரல் நீட்டிச் சரி சொல்வார். ஒரு நாள் சாமிக்கு வைத்த சோறு தீர்ந்திருந்ததாக யசுஹாரா சத்தியம் செய்தார். காகமாக இருக்கும் என்றார் தபால்காரர். காகம் கிண்ணத்தைக் கழுவி வைக்குமா என்று கேட்டார் யசுஹாரா.

இலை முழுக்க உதிர்ந்தது. முதல் பனியும் விழுந்தது. இருபத்தேழாம் நாள் விடிந்தது.

யசுஹாரா வெள்ளை உடுப்பில், உள்பக்கம் விறைப்பாக நின்றார். வெளியே ஊரே வரிசையில் நின்றது. முன்னால் ஷின்கிச்சி. புதிதாகச் சவரம் செய்த முகம்.

யசுஹாரா விரலை நீட்டினார்.

“ஐம்பது நாள், சரி!”

குரல் கொஞ்சம் உடைந்தது. தொண்டையில் பனி என்றார்.

ஷின்கிச்சி வாசலில் குனிந்து வணங்கி உள்ளே வந்தார். இடது கை கழுவினார், வலது கை கழுவினார், வாய் கொப்பளித்தார். யசுஹாரா சொல்லித்தர ஒன்றும் இல்லை. இரண்டாவது வரிசை, மூன்றாவது ஆணி. அந்தப் பலகையை எடுத்து, கண்ணிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் படித்தார்.

மறுபடியும் முதலிலிருந்து படித்தார். பிறகு தோள் குலுங்கியது. அழுகிறார் என்று நினைத்து ஓமத்சு பக்கத்தில் போனாள். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். கண்ணீர் வந்தது. ஆனால் சிரிப்புதான்.

“என்னங்க எழுதியிருக்கா?”

ஷின்கிச்சி உரக்கவே படித்தார்.

“‘சாமிக்கு. நான் முன்னாடி போயிடுவேன் போலிருக்கு. இவருக்கு ஒரு ஆளுக்குச் சமைக்கத் தெரியாது. சாப்பிட ஆள் அனுப்பவும். உப்பு கொஞ்சம் கூடுதலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள்ளவும். கினு.’”

 வெளியே மரத்தடியில் பானை மூடி காற்றில் ஒரு தடவை தட்டி அடங்கியது.

“கூடுதல்தான்,” என்றாள் ஓமத்சு, மூக்கைத் துடைத்துக்கொண்டு. “பொறுத்துக்கிட்டோம்.”

தோமோயே சிக்கிமுக்கிக் கல்லைத் தட்டித் தீ மூட்டினார். கினுவின் பலகையை ஷின்கிச்சியே தன் கையால் போட்டார். எல்லாப் பலகைகளும் ஒன்றாக எரிந்தன. புகை தேவதாரு உச்சியைத் தாண்டி மேலே போனது. காகங்கள் நகர்ந்து வழிவிட்டன.

பிறகு ஷின்கிச்சி மணிக்கயிற்றை இழுத்தார். இரண்டு தடவை குனிந்தார். இரண்டு தடவை கைதட்டினார். கொஞ்சம் நின்று, இன்னும் ஒரு தடவை தட்டினார்.

யசுஹாராவின் கை இடுப்புக்குப் போனது. விசிலைத் தொட்டது. அங்கேயே இருந்தது.

கூட்டம் இறங்கிப் போன பிறகு முற்றத்தில் சாம்பல் மட்டும் சூடாகக் கிடந்தது. தோமோயே சுவரில் சாய்ந்திருந்த விளக்குமாற்றை எடுத்துக் கூட்ட ஆரம்பித்தார். இருபத்தேழு நாளைக்கு முன்னால் விட்ட இடத்திலிருந்தே.

யசுஹாரா போய் முன்னால் நின்றார்.

“குருவே, ஒரு கேள்வி.”

“கேளுங்க.”

“ஊரார் வேண்டுதலைப் படிக்கக் கூடாது.”

“கூடாது.”

“நீங்க அந்தப் பலகையை முன்னாடியே படிச்சிருந்தீங்களா?”

“இல்ல.”

“அப்போ எப்படித் தெரியும்? நான் வந்து சொன்ன உடனே நேரா போய் உட்கார்ந்து சாப்பிட்டீங்களே. யார் சொன்னது உங்களுக்கு?”

தோமோயே கூட்டுவதை நிறுத்தினார். அவரை ஏற இறங்கப் பார்த்தார்.

“நீங்கதானே வந்து சொன்னீங்க? ஆள் ஒன்று, கிண்ணம் இரண்டுன்னு.”

யசுஹாரா விரலை நீட்டினார். எதைச் சுட்டுவது என்று தெரியாமல் அது அப்படியே நின்றது.